மூக்கில் கட்டிய துண்டு

திருப்பூரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், கொடி காத்த குமரன் 1932ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி உயிர் நீத்ததையும், தமிழ்நாட்டுக் கதர்ப்பணி இவ்வூரை மையமாகக் கொண்டு நடந்ததையும், பிற்காலத்தில் பனியன் வியாபாரம் கடல் கடந்ததையும் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் அத்தனை நூலையும் துணியையும் உலகுக்குத் தந்த ஜனங்கள் எத்தகைய காற்றைச் சுவாசித்தார்கள் என்று எழுதியவர் அரியர்.

சென்னை ராஜதானியில் சட்டப்படி அமைந்த முதல் விற்பனைக் குழு, 1936இல், பருத்திக்காகத் திருப்பூரில்தான் ஏற்பட்டது. சந்தைக்கு வந்த பருத்தியில் கொட்டை வேறு பஞ்சு வேறாகப் பிரித்த ஜின்னிங் ஆலைகளில், இலைச் சருகின் துகளும் மண்ணும் நுண்ணிழையும் கூரைவரை எழும்ப, அவற்றின் நடுவே பொழுதெல்லாம் நின்ற பெண்களுக்கு வாய்த்த ஒரே உபாயம், ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வதே. அத்துண்டு பெரிய துகளைத் தடுத்தது; நுண்ணியதைத் தடுக்கவில்லை. அந்நுண்தூசால், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, வருஷங்கள் செல்லச் செல்ல எந்நாளும் இறுகும் பிஸினோசிஸ் என்னும் வியாதியை நம் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது.

பனியன் கம்பெனிகளில் தூசு அவ்வளவு கடுமையானதன்று. என்றாலும் அங்கே கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. வட்டப் பின்னல் யந்திரத்தின் உச்சியில் ஒரு விசிறி ஓயாமல் சுழலும். ஊசிகளின்மேல் பஞ்சு படிந்தால் துணியில் ஓட்டை விழும் என்பதற்காக வைத்த விசிறி அது. ஊசியை விட்டுப் பறந்த பஞ்சு ஓட்டுபவரின் முகத்தைத் தேடிப் போயிற்று.

ஆலையில் நிற்போர் நிலை இதுவாக, வாகனத்தில் செல்வோருக்குத் தூசுக் கவலையைத் தீர்க்கும் ஏற்பாடு முன்னமே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் நாஷ் கம்பெனி 1938இல் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் கார்களை விற்றது. 1950களில் அந்நாட்டுக் கடற்படையின் ஆராய்ச்சிச்சாலையில் வென்ட் என்பவர் உருக்கிய பிளாஸ்டிக்கை வெப்பக் காற்றால் ஊதி மிக நுண்ணிய இழைகளாக்கினார். அவ்வழியில் வந்த, நெய்யவும் பின்னவும் படாத துணியே இன்று காரில் நம்மவர் ஏசி ஃபில்டர் என்றழைக்கும் பொருளில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. துணியின் ஊரார் அறிந்துகொள்ள வேண்டிய துணி அது.

அந்த ஃபில்டரை மாற்ற மெக்கானிக் அவசியமில்லை. பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள கிளவ் பாக்ஸின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தி இறக்கி, பின்னாலுள்ள மூடியைக் கழற்றி, பழையதை உருவிவிட்டு, ஓரத்திலுள்ள அம்புக்குறி பழையதற்கிருந்த திசையையே காட்டுமாறு புதியதைச் செருகினால் போதும். கம்பெனியில் ஏர் கன் இருக்கிறதே என்று பழையதை ஊதி மறுபடி போடுவோர் உண்டு. அது பிழை, ஏனெனில் மென்மையான இழை அதனால் சிதையும், துகளை ஈர்க்க அதற்கிருந்து இழந்த மின்னேற்றமும் மீளாது. வருஷத்துக்கொரு முறை மாற்றுவது பொது விதி. பஞ்சு பறக்கும் இவ்வூரிலோ அதற்கு முன்பே மாற்றுவது நலம்.

முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் காருக்கு ஃபில்டர் வாங்கும் அன்றைக்கே, யந்திரத்தருகே நிற்பவர்களுக்கு நல்ல முகக்கவசமும், பஞ்சை வெளியே இழுக்கும் விசிறியும் வாங்குங்கள்.