இரவு வண்டியின் வரலாறு

அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலைகளில் நூலகமும் ஆராய்ச்சிச் சாலையும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். ஆயினும் அங்கே படித்து முடித்துத் தன் இருப்பிடம் திரும்ப வேண்டிய மாணவி அந்த அரை மைல் தூரத்தை எவ்வாறு கடப்பாள் என்ற கேள்வியை நிர்வாகத்தார் தமது பொறுப்பாக ஏற்றுக்கொண்டது மிகவும் பிற்பட்ட காலத்திலேதான். கைப்பேசியைத் தொட்டதும் வளாக வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டும் செயலிகளைப் பொறியியல் விந்தையாக இன்று மெச்சுகிறோம். அவற்றின் பூர்வ சரித்திரத்தைத் தேடினால், அது கணிப்பொறிச் சாலையில் தொடங்காமல், அரை நூற்றாண்டுக்கு முன் சில பெண்கள் தாமாக முன்வந்து செய்த தொண்டில் தொடங்குவதைக் காணலாம்.

விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரம் ஒரு பெரிய சர்வகலாசாலையின் இருப்பிடம். அங்கே 1973ஆம் ஆண்டில் ‘விமன்ஸ் டிரான்ஸிட் அதாரிட்டி’ என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. இரவில் தனித்துச் செல்லும் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாகாமல் காப்பதே அதன் நோக்கம். பெண்களே ஊதியமின்றி வண்டி ஓட்ட, பெண்களைக் கட்டணமின்றி வீடு சேர்க்கும் அந்தச் சேவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. செயலிகளுக்கு முற்பட்ட இத்தகைய இரவுச் சேவைகளின் நடைமுறை எளியது. தொலைபேசி அருகே அமர்ந்திருப்பவர், அழைத்தவரின் பெயர், நிற்கும் இடம், போகுமிடம், உடன் வருவோர் எத்தனை பேர் என்பவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, ஓட்டுநருக்கு வயர்லெஸ் மூலம் தெரிவிப்பார். இறக்கிவிட்ட பிறகும் வண்டி உடனே நகர்ந்துவிடாது. முன்விளக்கின் வெளிச்சம் வாசற்படியில் விழுந்திருக்க, இறங்கியவர் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை அங்கேயே நிற்கும். இவ்வாறு காத்து நிற்பது பல வளாகங்களில் இரவு வண்டியின் மரபாகவே நிலைத்தது.

தொண்டாக வளர்ந்த இந்தச் சிரத்தையைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது ஒரு துயரச் சம்பவம். 1986 ஏப்ரலில் பென்ஸில்வேனியா மாநிலத்து லீஹை சர்வகலாசாலையில் ஜீன் கிளெரி என்ற பத்தொன்பது வயது மாணவி தன் விடுதி அறையிலேயே சக மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய விடுதிக் கதவுகள் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. அவளுடைய பெற்றோர் தளராது செய்த பிரயத்தனத்தின் பயனாக 1990இல் தேசிய அளவில் சட்டம் பிறந்தது. 1998 முதல் அது அம்மாணவியின் பெயராலேயே வழங்கி வருகிறது. வளாகத்திலும் அதை ஒட்டிய பொது இடங்களிலும் நேர்ந்த குற்றங்களின் கணக்கையும், அவற்றைத் தடுக்கச் செய்துள்ள ஏற்பாடுகளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகளுக்கெல்லாம் அது கட்டளையிட்டது. பாதுகாப்பு என்பது பிறர் கண்ணுக்குக் காட்ட வேண்டிய கணக்காக மாறியபின், இரவு வண்டியும், துணைக்கு நடந்துவரும் சேவையும், உச்சியில் நீல விளக்கு எரியும் அவசரத் தொலைபேசிக் கம்பங்களும் வளாகத்தின் இன்றியமையாத அங்கங்களாகக் கருதப்படலாயின.

அப்போதும் ஒரு குறை தீரவில்லை. இரவுப் பிரயாணத்தில் அச்சம் மிகுந்த பகுதி பெரும்பாலும் வண்டிக்குள் கழியும் நேரமன்று. வண்டி எப்போது வருமென்று அறியாமல் தெருவோரத்தில் நிற்கும் நேரமே. இதற்குப் பரிகாரம் வானத்திலிருந்து வந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை, ஜனாதிபதி கிளின்டனின் ஆணையால் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறக்கூடிய கருவி, அதாவது அடுத்த தெருவில் வரும் வண்டியை இந்தத் தெருவில் வருவதாகக் காட்டக்கூடிய கருவி, அதன்பின் நம்பத்தக்கதாயிற்று. 2004இல் வட கரோலினா மாநிலச் சர்வகலாசாலை மாணவர்கள் ‘டிரான்ஸ்லாக்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வளாகப் பேருந்துகளின் ஓட்டத்தை வரைபடத்தில் காட்டும் பணியில் இறங்கினர். நான்கு ஆண்டுகளுக்குப்பின் கைப்பேசிச் செயலிகளுக்கான அங்காடிகள் திறக்கவே, அந்த வரைபடம் ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. வெளிச்சமும் மனித நடமாட்டமும் உள்ள கட்டடத்துக்குள் அமர்ந்திருந்து, வண்டி வாசலுக்கு வரும் தருணத்தில் வெளியே செல்ல மாணவியால் முடிந்தது. செயலி செய்த உபகாரங்களில் தலையாயது இதுவே.

ஆயினும் புதிய வசதி புதிய அபாயத்தையும் உடன்கொண்டு வந்தது. 2019 மார்ச்சில் தென் கரோலினா சர்வகலாசாலை மாணவி ஒருத்தி, செயலி வழியே தான் அழைத்த வாடகைக் கார் என்று நம்பி வேறொருவனுடைய காரில் ஏறி அவனால் கொல்லப்பட்டாள். அந்தக் காரின் பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தது. அம்மாநிலத்தில் வண்டிகளுக்குப் பின்புறம் மட்டுமே எண் பலகை உண்டு. எதிரே வரும் வண்டி எதுவென்று தெரிந்துகொள்ள வழியில்லை. எனவே வாடகைக்கு வரும் வண்டிகள் முன்புறத்திலும் எண்ணைக் காட்ட வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் இயற்றினார்கள். ஏறுமுன் “என் பெயர் என்ன?” என்று ஓட்டுநரைக் கேட்கும் வழக்கத்தையும் மாணவரிடையே பரப்பினார்கள். தாளில் பெயரைக் குறித்துக்கொண்ட பழைய தொண்டரின் ஜாக்கிரதைக்குத்தான் இவ்வாறு மறுபடியும் உயிரூட்ட நேர்ந்தது.

ஆகவே வளாக இரவு வண்டிக்குச் செயலி அமைக்க முற்படுவோர் இந்தச் சரித்திரத்தை முதலில் கற்க வேண்டும். வண்டியின் எண்ணும் ஓட்டுநரின் பெயரும் படமும் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தவளும் வேறொரு தொலைபேசியிலிருந்து அழைப்பதற்கு, மனிதர் பேசும் தொலைபேசி எண் ஒன்று இரவு முழுவதும் இருக்க வேண்டும். ஒரு பெண் எங்கிருந்து எங்கே போகிறாள் என்ற குறிப்பு தவறான கையில் சிக்கினால் அதுவே ஆபத்தாகும் ஆதலால், அவசியமான காலத்துக்கு மேல் அதைச் சேமித்து வைக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தத்தில் இறக்கிவிட்டதும் பயணம் முடிந்ததாக எழுதிக்கொள்ளும் செயலி பாதி வேலையைத்தான் செய்கிறது. அவள் உள்ளே சென்றுவிட்டாள் என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே வண்டி புறப்பட வேண்டும் என்ற விதியை முதலில் வகுத்துக்கொண்டு, அதன் பிறகு பொறியாளர்கள் திரையை வரையட்டும்.