முறிந்த இழையைத் திருத்துகிற புரதங்கள்

கலைப்பீடத்துக்காரருக்குப் பளிங்குகளோட என்ன வேலை எண்டு கேப்பீங்கள். எங்களைப் பிடிச்சு இழுத்தது இந்த வரலாறு நடந்த வேகம்தான், அதாவது வேகமே இல்லாமல் நடந்த விதம்.

1935இல் ஒக்ஸ்போர்ட்டில் டொரத்தி ஹொட்ஜ்கின் இன்சுலின் பளிங்கை எக்ஸ்-கதிரால் படம்பிடித்தார். அதன் வடிவம் தெரியவந்தது 1969இல். 34 வருஷம்! இடையில், 1964இல், வேறு மூலக்கூறுகளுக்காக அவருக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது. இன்சுலின் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ரொம் பிளண்டெல். பின்னாளில் கேம்பிரிட்ஜில் அவர் தேடிப்போனவற்றுள் டி.என்.ஏ.யைத் திருத்துகிற புரதங்களும் அடக்கம்.

டி.என்.ஏ.யின் இரண்டு இழையும் ஒண்டா முறிஞ்சால் கலத்துக்குப் பெரிய ஆபத்து. ராட்51 என்ற புரதம் முறிந்த முனையில் வரிசையாகக் கோத்துக்கொண்டு, பழுதாகாத பிரதியைத் தேடிப் பார்த்துத் திருத்த உதவுகிறது. அதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பிஆர்சிஏ2. பிஆர்சிஏ2இன் பரம்பரையலகில் தாய் தகப்பன் வழியாக வருகிற சில பிறழ்வுகள் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகின்றன. அந்தப் பரம்பரையலகை 1995இல் கண்டுபிடித்தார்கள். ஆனா பெயர் தெரிஞ்சால் மட்டும் காணாதே. இரண்டு புரதமும் எப்பிடிப் பிடிச்சுக்கொள்ளுது?

ராட்51 சும்மா விட்டால் தன்னோடு தானே கோத்துக்கொள்ளும்; பளிங்காக்குவது கரைச்சல். 2002இல் லூக்கா பெல்லெகிரினி, பிளண்டெல், அஷோக் வெங்கிட்டராமன் ஆகியோரின் குழு ஒரு கெட்டித்தனம் செய்தது. (வெங்கிட்டராமன் மருத்துவம் படித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்.) பிஆர்சிஏ2இன் சின்னத் துண்டொன்றை ராட்51இன் ஒரு பகுதியோடு தொடுத்து, ஒரே புரதமாக்கிப் பளிங்காக்கினார்கள். ராட்51கள் ஒன்றையொன்று கொளுவுகிற அதே கொளுக்கியைப் பார்த்துச் செய்தமாதிரி பிஆர்சிஏ2இலும் ஒன்று இருந்தது. அதாலதான் அது ராட்51ஐப் பிடிக்கவும், கோர்வையைக் குலைக்கவும்கூட முடிகிறது.

முறிந்த முனைகளை நேரடியாக ஒட்டுகிற இன்னொரு வழியும் உண்டு. அதில் முக்கியமான டிஎன்ஏ-பிகேசிஎஸ் 4,000க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ராட்சதப் புரதம். பிளண்டெலின் ஆய்வுகூடம் 2010இல் 6.6 ஆங்ஸ்ட்ரொம் அளவில் ஒரு மங்கல் உருவத்தைக் காட்டியது. 4.3க்கு வர இன்னும் ஏழு வருஷம் பிடித்தது. இரண்டு ஆய்வுக் கட்டுரையிலும் முதல் பெயர் லின் சிபண்டா. பேராசிரியர்களின் பெயரால் மட்டும் அறிவியல் வரலாறு சொல்கிற பழக்கம் இப்பிடியான ஆக்களைத்தான் விழுங்குது எண்டது எங்கட எண்ணம்.

அந்த 2017இலேயே வேறு குழுக்கள் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இதே புரதத்தைப் படம்பிடித்தன. அதற்குப் பளிங்கே தேவைப்படவில்லை.