வீட்டிற்குள் நிகழும் கொடுமை: குழந்தைகள் மீதான வன்முறை, புறக்கணிப்பின் வடிவங்கள்

குழந்தைகளுக்குத் தீங்கு இழைப்போர் பெரும்பாலும் அறிமுகமற்றவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அரசின் ஆவணங்கள் இதற்கு மாறான உண்மையைக் காட்டுகின்றன. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் தகவல் திரட்டி 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பச் சூழலில் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோரே. தமிழ்நாடு அந்த ஆய்வில் இடம்பெறவில்லை.

உடல்வழி, மனவழி, பாலியல், புறக்கணிப்பு என உலக சுகாதார நிறுவனம் இவற்றை வகைப்படுத்துகிறது. நடைமுறையில் இவை தனித்தனியே நிற்பதில்லை. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் தந்தை குழந்தையைத் தொடாமலேயே இருக்கலாம்; எனினும் மூலையில் ஒடுங்கி நின்று அதைக் காணும் குழந்தையும் பாதிக்கப்பட்டதாகவே கருதப்பட வேண்டும். சில வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் அடிபடுகின்றனர். வேறு சிலவற்றில் ஒரே ஒரு குழந்தை மட்டும் குறிவைக்கப்படுகிறது. முந்தைய மணத்தில் பிறந்ததாகவோ, மாற்றுத்திறன் கொண்டதாகவோ, வேண்டாத பெண்ணாகப் பிறந்ததாகவோ அது இருக்கலாம். உடன்பிறந்தோர் நன்றாக உண்டு உடுத்திப் பள்ளி செல்வதால் அக்கம்பக்கத்தார்க்கு ஐயமே எழுவதில்லை.

கண்டிப்பு என்ற பெயரில் தொடங்கும் அடி எங்கே வன்கொடுமையாகிறது என்பதில் இந்தியச் சட்டமும் முழுத் தெளிவு தரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது. வீட்டிற்கு அத்தகைய நேரடித் தடை இல்லை. எனினும் மருத்துவர்கள் கவனிக்கும் அடையாளங்கள் உண்டு. தவழவும் இயலாத கைக்குழந்தைக்கு எலும்பு முறிவு, வெவ்வேறு காலத்தில் ஏற்பட்டு ஆறிய காயங்கள், பெற்றோர் கூறும் காரணத்தோடு பொருந்தாத தழும்பு, மருத்துவமனைக்குக் கொண்டுவரக் காரணமற்ற தாமதம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 1962-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் இவற்றைப் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது.

புறக்கணிப்பு தழும்பை விடுவதில்லை. அதனாலேயே அது எளிதில் தப்பிவிடுகிறது. மேற்கூறிய ஆய்வில் 70.57 விழுக்காட்டுச் சிறுமியர் குடும்பத்தினரால் ஏதேனும் ஒரு வகையில் புறக்கணிக்கப்பட்டதாகக் கூறினர். 48.4 விழுக்காட்டினர் தாங்கள் ஆணாகப் பிறந்திருக்கலாம் என விரும்பினர். வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு. உணவளிக்க வழியற்ற தாய்க்குத் தேவை உதவி. மகனுக்கு முட்டையும் பாலும் கொடுத்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாத குடும்பத்தின் நிலை வேறு.

பாலியல் கொடுமையில் இரகசியமே கருவி. அன்பளிப்பு, தனிச்சலுகை, பின்னர் மிரட்டல் என அது படிப்படியாக இறுகுகிறது. 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒரு பாலியல் தீங்கைத் தெரிவித்தனர். அவர்களுள் சிறுவர்களின் பங்கு சிறுமியரைவிடச் சற்றே கூடுதல் என்பது பலர் எதிர்பாராதது. பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை. குற்றவாளி மாமாவாகவோ தாத்தாவாகவோ தந்தையாகவோ இருக்கையில், வருமானம், மானம், அக்காளின் திருமணம் எனப் பல காரணங்களைக் காட்டிக் குடும்பமே குழந்தையின் வாயை அடைத்துவிடுகிறது. சொன்னதை மறுத்துப் பின்வாங்கும் குழந்தை பொய் கூறியதாக முடிவு செய்வதற்கில்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த மௌனத்தையே குறிவைக்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்காத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உறவினர் இழைக்கும் ஊடுருவல் பாலியல் வன்கொடுமைக்கு 2019 திருத்தத்திற்குப் பின் குறைந்தது 20 ஆண்டு கடுங்காவல் விதிக்கப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் வசிப்பவரெனில், காவல்துறை 24 மணி நேரத்திற்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தையை அவ்வீட்டிலிருந்து அகற்ற வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்யும். அப்போது குழந்தையின் விருப்பமும் கருதப்படும்.

பாலியல் அல்லாத கொடுமைகளுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு பொருந்தும். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தம் கட்டுப்பாட்டை மீறிய சூழலால் குழந்தையைக் கைவிட்ட பெற்றோருக்கு அப்பிரிவு விலக்கு அளிக்கிறது.

புகாரளிக்கத் தயங்குவோர் 1098 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். குழந்தைகளும் தாமே அழைக்கலாம்.