ஓராண்டு நின்ற செய்மதி

விண்வெளி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஏவிய முதற் செய்மதியிலே தொடங்கி, 1961இல் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்ததைக் கூறி, 1969இல் மனிதன் சந்திரனிற் காலடி வைத்ததோடு உச்சத்தை எய்துதல் வழக்கம். இவ்வரலாற்றிலே பொதுமக்களுக்கு ஓரிடம் உண்டு. அது பார்வையாளர் இடம். அவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்தனர், சிலர் அஞ்சினர், வேறு சிலர் உண்பதற்குச் சோறில்லாத உலகில் இத்துணைப் பெருஞ்செலவு எதற்கு என்று வினவினர். இறுதியிற் கூறிய வினாவுக்கு விஞ்ஞானிகள் சொல்லால் அளித்த விடைகள் பல. செயலால் விடை காண முயன்ற நிகழ்ச்சி ஒன்று 1975ஆம் ஆண்டு இந்தியாவில் நிகழ்ந்தது. செய்மதிவழிக் கற்பித்தல் தொலைக்காட்சிப் பரிசோதனை என்பது அதன் முழுப் பெயர்; 'சைற்' என்ற சுருக்கப் பெயரே பெரிதும் வழங்கிற்று. விண்வெளியைப் பற்றிக் கிராமத்தவர் என்ன எண்ணுகின்றனர் என்பதை ஊகித்து எழுதாது, அவர்தம் ஊரிலே தங்கியிருந்து கேட்டறிந்த முதற் பெருமுயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இந்தியாவின் விண்வெளி முயற்சி கேரளக் கரையிலுள்ள தும்பா என்னும் மீனவர் ஊரிலே தொடங்கியது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை அண்மிச் செல்கின்றது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் பட்டைபோற் பாய்கின்றது. பலூன் எட்டாத, செய்மதி தங்க இயலாத அவ்வுயரத்தை ஆராய்வதற்குச் சிறு ரொக்கற்றுகளே ஏற்றவை. 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை அமெரிக்கா அளித்த நைக்கி அப்பாச்சி ரொக்கற்று ஒன்று தும்பாவிலிருந்து எழுந்து, பிரான்சு நாடு தந்த சோடிய ஆவியை அந்தி வானிற் செம்மஞ்சள் முகிலாகப் பரப்பிற்று. தளம் அமைந்த நிலத்திலே புனித மதலேன் மரியாள் தேவாலயம் இருந்தது. திருவனந்தபுரத்து ஆயர் பீற்றர் பேர்னாட் பெரேரா இடத்தை விட்டுக்கொடுக்க இசைந்தார். தேவாலயமே விஞ்ஞானிகளின் முதற் பணிமனை ஆயிற்று. மீனவக் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. நாட்டின் விண்வெளி ஆராய்ச்சிக்கு முதற்கொடை அளித்தவர் செல்வரோ அரசரோ அல்லர், அம்மீனவரே என்பதை வரலாற்றாசிரியர் ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்வர். ஒரு வரிக்கு மேலும் அது பெறத்தக்கது.

இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் விக்கிரம் சாராபாய். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்னும் வினாவை அவர் தட்டிக்கழித்தாரில்லை. செல்வ நாடுகளோடு போட்டியிட்டுச் சந்திரனுக்கோ பிற கோள்களுக்கோ செல்லும் கனவு தமக்கு இல்லை என்றும், ஆயினும் மனிதனதும் சமுதாயத்தினதும் உண்மையான இடர்களைத் தீர்ப்பதற்கு உயர்ந்த தொழினுட்பத்தைக் கையாள்வதிற் பிறர்க்குப் பின்நிற்றல் ஆகாது என்றும் அவர் வற்புறுத்தினார். தொலைக்காட்சியே அவர் கண்ட முதல் வாயில். டெல்லியில் 1959இல் தொடங்கிய தொலைக்காட்சி, 1972 வரை வேறெந்த நகருக்கும் செல்லவில்லை. தரையிற் கோபுரம் கட்டிப் பரப்பும் முறையிலே நகரம் முதலிலும் பட்டினம் அடுத்தும் குக்கிராமம் கடைசியிலும் வரும். கடைசி என்பது பெரும்பாலும் ஒருபோதும் வாராமையே. வானிலிருந்து ஒலிபரப்பும் செய்மதிக்கோ தலைநகரும் காட்டூரும் ஒரே தூரம். ஆகவே, கடைசியில் நின்றவனிடத்திலேயே முதலிற் செல்லலாம் என்பது சாராபாயின் வாதம். 1969 செத்தெம்பரில் இந்திய அணுசக்தித் திணைக்களத்துக்கும் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1971 திசெம்பர் 30ஆம் நாள் தும்பாவுக்குத் தென்பாலுள்ள கோவளத்திலே காலமானார்.

செய்மதி 'ஒரே இடத்தில் நிற்பது' எவ்வாறு என்பதை இங்குக் கூறுதல் தகும். நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் பொருள் பூமியை ஒரு முறை சுற்றி வருவதற்குப் பூமி தன்னைத் தான் சுற்றும் அதே காலத்தையே எடுக்கும். எனவே தரையில் நிற்போர்க்கு அது அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகு முழுவதற்கும் செய்தி பரப்பப் போதும் என்பதை 1945 ஒற்றோபரில் ஆங்கில வானொலிச் சஞ்சிகை ஒன்றில் எழுதியவர் ஆதர் சி. கிளாக். அவர் 1956 முதல் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டவர். தாம் காகிதத்தில் வரைந்தது பிறர் கையிற் பொருளாவதைக் கண்ணாரக் கண்ட பாக்கியசாலி. சைற் நடைபெற்றபோது இந்திய விண்வெளி நிறுவனத்தார் கொழும்பில் அவரது இல்லத்திலே வாங்கி ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி இல்லை. அது 1979இலேயே தொடங்கிற்று.

பரிசோதனைக்குப் பயன்பட்ட ஏ.ரி.எஸ். 6 என்னும் அமெரிக்கச் செய்மதி 1974 மே 30இல் ஏவப்பட்டது. முதலாண்டிலே அது அலாசுக்கா, அப்பலேச்சிய மலைநாடு முதலிய ஒதுக்கிடங்களிற் கல்வி மருத்துவப் பணிகளுக்கு உதவிற்று. பின்னர்க் கிழக்கே நகர்த்தப்பட்டு, ஆபிரிக்காவின் மேலே 35 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிறுத்தப்பட்டது. விண்ணில் விரியும் குடைபோன்று ஒன்பது மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடைய அலைவாங்கியை அது கொண்டிருந்தது. இதனுள்ளேயே முழுச் சூட்சுமமும் அடங்கியது. அக்காலச் செய்மதிகள் மெலிந்த குரலிற் பேசின. அவற்றைக் கேட்பதற்குத் தரையில் ஏறத்தாழ முப்பது மீற்றர் அகலமான அலைவாங்கி வேண்டியிருந்தது. பூனாவுக்கு அண்மையில் ஆர்வியில் 1971இல் அமைந்த நிலையம் அத்தகையது. கிராமத்துக்கு அது ஆகுமா? பெரிய உறுப்பை வானிலே வைத்தாற் சிறிய உறுப்பைத் தரையில் வைக்கலாம். அகமதாபாத்துப் பொறியியலாளர் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டு மூன்று மீற்றர் விட்டத்தில் அலைவாங்கி செய்தனர். ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கூட்டுத்தாபனம் பெட்டிகளை ஆக்கியது. மின்சாரம் எட்டாத சில ஊர்களிற் பெட்டிகள் மின்கலத்தால் இயங்கின.

1975 ஆகத்து 1ஆம் நாள் ஒளிபரப்புத் தொடங்கிற்று. நாட்டில் நெருக்கடிநிலை பிரகடனமாகி ஐந்து வாரங்களே ஆகியிருந்தன என்பதையும் மறத்தலாகாது. அரசாங்கத்தின் குரல் ஒன்றே ஓங்கியிருந்த காலத்தில் அரசாங்கத்தின் கருவியொன்று கிராமத்துட் புகுந்தது. ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில், மாநிலத்துக்கு ஏறத்தாழ 400 ஆக, 2,400 அளவான கிராமங்கள் தெரியப்பட்டன. பின்தங்கிய பகுதிகளையே வேண்டுமென்று தெரிந்தெடுத்தனர். காலையில் ஒன்றரை மணிநேரம் பாடசாலைச் சிறுவர்க்கு, இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என்னும் மொழி ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டரை நிமிடம். மாலையில் இரண்டரை மணிநேரம் வளர்ந்தோர்க்கு, பயிர்ச்செய்கை, சுகாதாரம், குடும்பநலம், கலைநிகழ்ச்சி. பாடசாலை விடுமுறைகளில் ஏறத்தாழ 50,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்க்கு இச்செய்மதி வழியே விஞ்ஞானம் கற்பிக்கும் முறையிற் பயிற்சி அளிக்கப்பட்டது. அந்நாளிலே வேறெம்முறையாலும் இத்தொகையினரை ஒருங்கே பயிற்றியிருத்தல் அரிது.

பெட்டி பாடசாலையிலோ பஞ்சாயத்து மண்டபத்திலோ வைக்கப்பட்டது; பல இடங்களில் ஆசிரியரே அதன் காவலர். மாலையானதும் ஊர் முற்றத்திற் கூடியது. முதல் வாரங்களிற் பெட்டியொன்றின் முன் பல நூற்றுவர் திரண்டனர். புதுமை தணிந்தபின் தொகை ஏறத்தாழ நூற்றளவிலே நின்றது. தொகை குறைந்ததைத் தோல்வி என்று கூறினாரும் உளர். நாள்தோறும் உழைத்துக் களைத்த நூறுபேர் ஓராண்டு முழுவதும் வந்து குந்தியிருப்பதைத் தோல்வி என்பவர், தாம் நடத்தும் கூட்டங்களுக்கு வருவோரை எண்ணிப் பார்த்தல் நன்று.

இப்பரிசோதனையின் சிறப்பு ஆய்விலேயே உளது. தொடங்கு முன்னும், நடுவிலும், முடிவிலும் கிராமத்தவரிடம் வினாக்கொத்துகள் கொண்டு விசாரித்தனர். அன்றியும் மானிடவியலாளர் சிலர் தெரிந்த கிராமங்களில் நெடுங்காலம் குடியிருந்து நாளாந்த வாழ்வைக் குறித்தனர். பெறுபேறுகளை மிகைப்படுத்தலாகாது. சிறுவர் பாடசாலையிற் சேரும் தொகை கூடவுமில்லை, இடைவிலகுவோர் தொகை குறையவுமில்லை; ஏனெனில் வயலும் மாடும் பிள்ளையை இழுத்த இழுப்பைப் பெட்டி மாற்றவில்லை. ஆயின் பார்த்த பிள்ளைகளின் மொழித்திறனும் வேறு வழிகளில் அறிவு தேடும் விருப்பமும் மேம்பட்டன. வளர்ந்தோருள் உடல்நலம் பற்றிய அறிவு பெருகிற்று. அப்பெருக்கம் எழுத்தறியாதாரிடத்தும் பெண்களிடத்துமே மிகுதியாகக் காணப்பட்டது. எழுத்தின் வழி அறிவைப் பரப்பும்போது படித்தவனே மேலும் படிக்கின்றான். படியாதவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான். இங்கு அவ்விதி ஓரளவுக்குத் தலைகீழாயிற்று.

குறையும் உண்டு. மாலை நிகழ்ச்சியில் அரைமணிநேரம் ஆறு மாநிலங்களுக்கும் பொதுவாக இந்தியில் ஒளிபரப்பாயிற்று. தெலுங்கும் கன்னடமும் ஒரியாவும் பேசும் ஊர்களிலே அந்த அரைமணியைப் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஒரே படத்தோடு இருவேறு ஒலிகளை அனுப்பும் ஏற்பாடு அச்செய்மதியில் இருந்தது. தொழினுட்பம் இடங்கொடுத்தும் கொள்கை இடங்கொடுக்காத நிலை இது. நிகழ்ச்சி ஆக்குவோர் பலர் நகரத்தார். அவர் காட்டிய வயலும் வீடும் பார்ப்போரின் வயலும் வீடும் அல்லவென்ற முறைப்பாடும் எழுந்தது. சாராபாயின் பின் அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு நிலையத்துக்குத் தலைமை ஏற்ற யசுபால் முதலியோர் இத்தகைய முறைப்பாடுகளைக் கேட்டறிவதையே பரிசோதனையின் ஒரு நோக்கமாகக் கொண்டிருந்தனர்.

1976 யூலை 31ஆம் நாள் ஒளிபரப்பு நின்றது. செய்மதி நாசாவின் உடைமை, தவணை ஓராண்டு, தவணை முடிந்தது. அது மேற்குநோக்கி மீளச் சென்று 1979 வரை உழைத்தது. பெட்டி பழுதாகவில்லை, வானம் மூடவில்லை, மக்கள் வெறுக்கவில்லை. ஆயினும் திரை வெறுமையாயிற்று. தரையில் நிறுவிய கோபுரங்களால் அக்கிராமங்களுள் ஒரு பகுதிக்கே பின்னர்ச் சேவை தொடர்ந்தது.

அதே 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 19இல் இந்தியாவின் முதற் செய்மதியான ஆரியபட்டா சோவியத்து ரொக்கற்றிற் சென்றது. நிறை ஏறத்தாழ 360 கிலோகிராம். சில நாட்களுள் மின்வழங்கல் கெட்டு அதன் ஆய்வுக் கருவிகள் செயலிழந்தன. எனினும் நாடு முழுவதும் அதனைக் கொண்டாடியது. இரண்டு ரூபாய் நாணயத்தாளின் பின்புறத்தில் அதன் உருவம் அச்சாயிற்று. அதனைச் செய்த பொறியியலாளர்க்கு அப்பெருமை உரியதே. ஆயின் ஓராண்டு முழுவதும் 2,400 ஊர்களிற் பேசிய கம்பிவலை அலைவாங்கியை எந்த நாணயத்தாளும் கண்டதில்லை. வானிற் செல்லும் பொருளைப் பொதுமக்கள் நினைவு எளிதிற் பற்றிக்கொள்கிறது. தரையில் நின்று உழைத்த பொருள் நழுவிவிடுகிறது.

இன்சற் 1ஏ என்னும் செய்மதி 1982 ஏப்பிரலில் ஏவப்பட்டு அவ்வாண்டு செத்தெம்பரிலேயே கைவிடப்பட்டது. 1983 ஆகத்தில் ஏவிய இன்சற் 1பீ நிலைத்தது. ஆனால் இடையில் நோக்கம் மாறிவிட்டது. 1982இல் ஆசிய விளையாட்டு விழாவை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. பின்னர்ப் பட்டினங்களை மையமாகக் கொண்டு சிறு பரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. 1984 முதல் விளம்பரதாரர் ஆதரவில் தொடர்நாடகங்கள் பெருகின. கடைசியில் நின்றவன் மீண்டும் கடைசியிலே நிறுத்தப்பட்டான். சாராபாய் காட்டிய வழி பிழைத்ததன்று. அவ்வழியில் இரண்டாவது அடி வைக்கப்படவில்லை. கல்விக்கென்றே தனியாக ஆக்கிய எடுசற் என்னும் செய்மதியை இந்தியா 2004 செத்தெம்பர் 20ஆம் நாள் ஏவிற்று. 1975இல் முற்றத்திற் சம்மணமிட்டுக் காலை நிகழ்ச்சியைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளைகள் அப்போது நாற்பதை அண்மியிருந்தனர்.