அடையாற்று ஏடுகளும் ஆலமரமும்

தமிழகத்தை விட்டு டில்லியிலும் நாகபுரியிலும் பல்லாண்டு வாழும் அன்பர்கள் சென்னைக்கு வந்தால் காண விழைவன பெரும்பாலும் கடற்கரையும் கோயில்களுமே. அவர்களை ஒரு காலைப்பொழுதில் அடையாற்றுக்கு அழைக்கின்றோம். திரு.வி.க. பாலத்தைக் கடந்ததும் இடப்புறத்தே பிரம்மஞான சபையின் தோட்டம் விரிந்து கிடக்கின்றது. ஹடில்ஸ்டன் தோட்டம் என வழங்கிய 27 ஏக்கர் நிலத்தைச் சபையார் 1882ஆம் ஆண்டில் வாங்கினர். அது பின்னர் ஏறத்தாழ 250 ஏக்கராகப் பெருகிற்று. உள்ளே சிறிது தூரம் நடந்தால் பேருந்துகளின் இரைச்சல் அடங்கி, காகங்களின் குரலே கேட்கும்.

சபையின் தலைவராயிருந்த கர்னல் ஆல்காட் அமெரிக்கர். அவர் 1886 டிசம்பர் 28ஆம் நாள் இங்கே நூலகத்தைத் திறந்தபோது இந்து, பௌத்த, பார்சி, இஸ்லாமிய அறிஞர்கள் தத்தம் முறைப்படி வாழ்த்துரைத்தனர். நம் முன்னோரின் ஏடுகள் பரண்மேல் செல்லரித்தும், பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போயும் அழிந்துகொண்டிருந்த காலம் அது. சபையின் கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதன பல இருக்கலாம். ஏடு காத்த பணி வேறு. இன்று அங்கே சுமார் 18,000 ஓலைச்சுவடிகள் உள்ளன.

அவற்றினிடையே உழைத்தவருள் ஒருவரை நாம் மறத்தலாகாது. ஓட்டோ ஷ்ரேடர் என்னும் ஜெர்மானியர் 1905 முதல் இந்நூலகத்தின் இயக்குநராயிருந்தார். சந்நியாச உபநிடதங்களைப் பல ஏடுகளோடு ஒப்பிட்டு 1912இல் பதிப்பித்தார். 1914இல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதனால் ஆங்கில அரசு அவரைப் பகைநாட்டார் எனப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தது. அவ்வூர் இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ளது. மகாராட்டிரத்தில் வாழும் நம் நேயர் பலர் அதன் வழியே ரயிலில் சென்றிருப்பர். அவர் அங்கே சிறையிருக்கையிலேயே, பாஞ்சராத்திர ஆகமத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை இந்நூலகம் 1916இல் வெளியிட்டது. காஞ்சி வரதர் கோயில் வழிபாட்டுக்கு அடிப்படையான ஆகமம் அது! ஆராய்ந்தவரோ முள்வேலிக்குள் இருந்தார். போருக்குப்பின் அவர் தாயகம் திரும்பிக் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருக்குப்பின் மகாதேவ சாஸ்திரியார், காஞ்சியில் வாழ்ந்த உபநிஷத் பிரம்மயோகியின் உரைகளை 1920 முதல் ஒவ்வொன்றாக அச்சேற்றினார்.

நூலகத்தைவிட்டு வெளியே வந்தால் கோயில், மசூதி, தேவாலயம், புத்தர் சந்நிதி ஆகியவை ஒரே தோட்டத்துள் தனித்தனியே நிற்கக் காணலாம். யாவரும் தேடிச் செல்வதோ பெரிய ஆலமரத்தையே. பல நூற்றாண்டு வயதுடைய அம்மரத்தின் நிழலில் அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் கூட்டங்கள் நடைபெற்றன. 1989இல் வீசிய புயலில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. நம்முடன் வந்த சிறுவன், “தாய்மரம் எது?” என வினவினான். விழுதுகள் சூழ நடுவே இருந்த வெற்றிடத்தைக் காட்டினோம். அவன் சிறிது நேரம் அதனையே பார்த்திருந்து, பின்பு விழுதுகளை எண்ணத் தொடங்கினான்.