மருத்துவமனைக்கு வெளியே ஒரு மனநல வரலாறு

1851இல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், பண்ணைகளிலிருந்து தப்பியோடும் கறுப்பின அடிமைகளை ஒருவகை மனநோய் பீடித்திருப்பதாக எழுதினார். ‘டிராப்டோமேனியா’ என்று அதற்குப் பெயரிட்டு, தடுக்கும் வழிகளுள் ஒன்றாகச் சவுக்கடியைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவில் கறுப்பினத் திருநர் இளையோரின் மனநலப் பராமரிப்பைப் பேச முற்படுவோர் இங்கிருந்தே தொடங்க வேண்டும். விடுதலை வேட்கையை நோயென்று கண்ட மருத்துவத்தின் வாசலுக்குத்தான் அவர்கள் வந்து சேர்கிறார்கள்.

அவர்கள்மீது கவியும் இரண்டாவது வரலாறு பாலினம் பற்றியது. 1966இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை பாலின அடையாளப் பிரிவைத் தொடங்கியபோது, யாருக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்பதை மருத்துவர் குழுவே தீர்மானித்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கையேடு, குழந்தைகளின் பாலின அடையாளத்தையும் ‘கோளாறு’ என்ற தலைப்பின்கீழ்க் கொணர்ந்தது. அச்சொல் அக்கையேட்டிலிருந்து நீங்க 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

மாற்று முயற்சிகளும் இருந்தன. 1946இல் ஹார்லெமின் தேவாலய நிலவறை ஒன்றில் தொடங்கிய லஃபார்க் மருத்துவமனை, 25 சென்ட் கட்டணத்தில் கறுப்பின மக்களுக்கு உளச்சிகிச்சை அளித்தது. நோயாளியின் துயரில் இனவொதுக்கலின் பங்கை அது ஏற்றுக்கொண்டது. 1958இல் அதுவும் மூடப்பட்டது.

திருநர் இளையோருக்கான புகலிடம் தெருவிலிருந்தே உருவாயிற்று. 1970இல் நியூயார்க்கில் மார்ஷா பி. ஜான்சனும் சில்வியா ரிவேராவும் ‘ஸ்டார்’ அமைப்பைத் தொடங்கி, வீடற்ற திருநர் இளையோருக்கு ஓர் இல்லம் நடத்தினர். இளையோர் பாலியல் தொழிலுக்குச் செல்லாதிருக்கத் தாங்களே தெருவில் ஈட்டி வாடகை செலுத்தினர். ஜான்சனோ பலமுறை மனநல மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டவர். அதே பத்தாண்டில் கிரிஸ்டல் லபெய்ஜா தொடங்கிவைத்த ‘இல்ல’ மரபில், குடும்பத்தால் கைவிடப்பட்ட கறுப்பின, லத்தீன் இளையோருக்கு ‘தாய்’ ஒருவர் பொறுப்பேற்றார்.

இவ்வில்லங்களை இலட்சியப்படுத்துவதும் பிழையாகும். அவை இல்லாமையிலிருந்து பிறந்தவை. ஸ்டார் இல்லம் நெடுநாள் நீடிக்கவுமில்லை. தற்கொலை எண்ணத்தோடு போராடும் இளையோருக்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும், அச்சமின்றி உறங்க ஓர் அறையும் வேண்டும். முன்னதை வழங்கிய நிறுவனங்கள் நம்பிக்கையை இழந்திருந்தன. பின்னதை வழங்கியோரிடம் பொருள்வளம் இல்லை.

இப்பிளவு இன்றும் தொடர்கிறது. 988 என்ற தேசிய நெருக்கடி உதவி எண்ணில் பால்புதுமை இளையோருக்கென இயங்கிய தனிப்பிரிவு 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. உதவி நாடத் தயங்கும் கறுப்பினத் திருநர் இளையோரின் தயக்கத்தை அறியாமை என்று குறிப்பெழுதும் ஆய்வுகள், அத்தயக்கத்தின் வயதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.