பட்டணத்துச் சேரியில் பட்டதாரிகள்

கல்வியின் பயன் யாது என வினவினால், உத்தியோகம் என்று விடை பகர்வோரே நம்மில் பலர். ஏழைகளுக்குச் செய்யும் உதவி யாது என வினவினாலோ, திருநாளில் சோறும் துணியும் வழங்குதல் என்பர். இவ்விரு எண்ணங்களும் குறையுடையன என்பதை இங்கிலாந்து தேசத்துச் சர்வகலாசாலை மாணாக்கர் சிலர் தம் செய்கையால் காட்டினர். அவ்வரலாற்றை நம் மக்கள் அறிதல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகர் உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவியும் இடமாக இருந்தது. அதே நகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை அடுத்த சந்துகளில், ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்கிக் காலங்கழித்தது. துறைமுகக் கூலிகள் விடியற்காலையில் வாயிலில் கூடி நிற்பர். மேஸ்திரி சுட்டியவர்க்கே அன்று வேலை; மற்றையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். பெரட்டுக் களத்தை அறிந்த தோட்ட மக்களுக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பகுதியிலுள்ள ஒயிட்சாப்பலுக்கு 1873-ம் ஆண்டில் சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியார் தம் துணைவியார் ஹென்றியெட்டாவுடன் வந்து சேர்ந்தார். பத்தாண்டுகள் உழைத்தபின் அவர் தெளிந்த உண்மை ஒன்று உண்டு. ஈவோன் மேலாகவும் ஏற்போன் கீழாகவும் நிற்குமளவும் வறுமை ஒழியாது என்பதே அது. 1883-ம் ஆண்டு நவம்பரில் அவர் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று மாணாக்கர் முன்னிலையில் ஒரு கட்டுரை வாசித்தார். பணம் அனுப்புவதோடு நில்லாமல், நீங்களே வந்து ஏழைகளின் அண்டை வீட்டாராக வாழுங்கள் என்பது அதன் சாரம்.

ஏழைகளின் உயர்வில் நாட்டங்கொண்ட ஆக்ஸ்போர்டு ஆசிரியர் ஆர்னல்டு டாயின்பி அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தம் 30-ம் வயதில் மறைந்திருந்தார். அவர் பெயரால் 1884-ம் ஆண்டில் ஒயிட்சாப்பலில் டாயின்பி மண்டபம் எழுந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்குக் குடியேறினர். பகலில் தத்தம் அலுவலைக் கவனித்து, மாலையில் தொழிலாளர்க்கு வகுப்பு நடத்தினர். சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தனர். பின்னாளில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட ஆலோசனையும் கிடைத்தது. தோற்றுவித்தவர் பாதிரியாரே எனினும், அங்குத் தங்குவோர்க்கு மத நிபந்தனை ஏதும் விதிக்கப்படவில்லை என்பது பாராட்டற்பாலது.

1888-ம் ஆண்டில் பிரையன்ட் மே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மண்டபத்தார் சிலர் நேரில் விசாரித்துக் கூலிக் குறைவையும் அபராதக் கொடுமையையும் டைம்ஸ் பத்திரிகையில் வெளியிட்டனர். வெற்றி அப்பெண்களின் ஒற்றுமைக்கே உரியது; எனினும் கற்றோரின் பேனா அன்று அவர் பக்கம் நின்றது. அவ்வாண்டிலேயே மண்டபத்தைக் கண்டு சென்ற ஜேன் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க மாது, 1889-ல் சிக்காகோ நகரில் ஹல் இல்லத்தை நிறுவினார்.

1903-ம் ஆண்டில் மண்டபத்திற்கு வந்த வில்லியம் பெவரிட்ஜ், வேலையின்மைக்குச் சோம்பலே காரணம் என்ற பழங்கூற்றை ஏற்கவில்லை. தொழில் நடைபெறும் முறையிலேயே அதன் வேர் உள்ளது என 1909-ல் நூலெழுதி நிறுவினார். மறு ஆண்டில் அரசாங்க வேலை தேடித்தரும் நிலையங்கள் திறக்கப்பட்டன. 1942-ல் வெளிவந்த சமூகக் காப்புத் திட்ட அறிக்கையும் அவருடையதே.

இவ்வியக்கம் குறையற்றதன்று. சேரிக்கு வந்த இளைஞர் பலர் அதனைப் படிக்கல்லாகக் கொண்டு பெரும் பதவிகளுக்கு ஏறிவிட்டனர் என்று கிழக்கு இலண்டன் தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி கடிந்துரைத்தார். அக்கடிதலில் நியாயம் உண்டு. ஆயினும் எல்லோரும் அவ்வாறு அகன்றாரில்லை. 1905-ல் ஸ்டெப்னியில் சிறுவர் மன்றம் ஒன்றுக்கு உதவ வந்த ஆக்ஸ்போர்டு பட்டதாரி கிளெமென்ட் அட்லி அங்கேயே குடியிருந்தார். 1910-ல் டாயின்பி மண்டபத்தின் காரியதரிசியாகவும் பணியாற்றினார். 1945-ல் பிரதம மந்திரியான அவர் ஆட்சியில்தான், 1948-ல், பணமின்றி அனைவர்க்கும் வைத்தியம் கிடைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

லான்ஸ்பரியின் சொல் நம்மையும் சுடுகின்றது. ஆங்கிலம் கற்றுத் தோட்ட ஆபீஸில் செக்ரோல் எழுதும் நமக்கும் லயத்திற்கும் இடையே உள்ளது கூப்பிடு தூரமே. பெயர்களை நாள்தோறும் எழுதுகின்றோம். அப்பெயர்க்குரியோரின் வீட்டு வாயிலை எத்தனை முறை மிதித்திருக்கின்றோம்? ஆக்ஸ்போர்டு மாணாக்கர் ரயிலேறி வந்து அண்டை வீட்டாராயினர். நாமோ அண்டையில் இருந்துகொண்டே அயலாராக வாழ்கின்றோம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு விளக்கு, பத்துப் பிள்ளைகள்: தொடங்குவதற்கு இவை போதும்.